உள்ளுக்குள் 25, உடம்புக்கு 62: உங்களுக்கும் இப்படித்தானா?

கெடிலக்கரை (கடலூர், மஞ்சக்குப்பம்)

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக மனதில் கிடக்கிற ஒன்றை இங்கே வைக்கிறேன். வீட்டில் சொன்னால் சிரித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். நண்பர்களிடம் ஆரம்பித்தால் பேச்சு சர்க்கரை மாத்திரைக்குத் திரும்பிவிடுகிறது.

எனக்கு 62 வயது. அரசு வேலையில் இருந்தவன். 58-ல் வீட்டுக்குப் போக வேண்டியது. 2020-ல் ஓய்வு வயதை 59 ஆக்கினார்கள், அடுத்த வருஷமே 60 ஆக்கினார்கள். அதனால் கூடக் கொஞ்ச காலம் வேலை பார்த்துவிட்டு வந்தேன். ஆதார், ரேஷன் கார்டு, பென்ஷன் புத்தகம் எல்லாவற்றிலும் வயது சரியாகத்தான் இருக்கிறது. எனக்குள் மட்டும் அது ஏறவே இல்லை. உள்ளே "நான்" என்று நினைக்கிறேனே, அந்த ஆளுக்கு 25, மிஞ்சினால் 28. அதே அவசரம், அதே ஆசை. புதிதாக ஓர் ஊரைப் பார்த்தால் அங்கே ஒரு வருஷம் ரூம் எடுத்துத் தங்கிப் பார்க்கலாமா என்று இன்னமும் யோசிக்கிறான்.

உடம்பு வேறு ஆளாகிவிட்டது. பாரதி சாலையைக் கடக்க நிற்கிறேன். தூரத்தில் டவுன் பஸ் வருகிறது. மனசு பழைய கணக்கில் "போயிடலாம்" என்கிறது. பாதி ரோட்டுக்கு வந்த பிறகுதான் கால் புதுக் கணக்கைச் சொல்கிறது.

நான் கேட்பது இதுதான். இது இயல்பா, இல்லை ஏதாவது கோளாறா? உள்ளே இருக்கிறவனுக்கு வயதைச் சொல்லிப் புரிய வைக்க வேண்டுமா, அப்படியே விட்டுவிடலாமா? "வயசுக்கேத்த மாதிரி இருங்க" என்கிறாள் என் மனைவி. அவள் சொல்வதிலும் நியாயம் இருப்பதால்தான் கேட்கிறேன். மனதில் பட்டதை அப்படியே எழுதுங்கள்.

லாஸ்பேட்டை அக்கா (புதுச்சேரி)

அண்ணே, கோளாறெல்லாம் இல்லை. எனக்கு 56. உள்ளே 30 தாண்டவில்லை. இதை யாராவது வெளியே சொல்லமாட்டார்களா என்று இருந்தேன். விரிவாக அப்புறம் வருகிறேன், கடை திறக்க வேண்டும்.

வில்லியனூர் வாத்தியார் (புதுச்சேரி)

கெடிலக்கரை ஐயா, நீங்கள் சொல்வதை உளவியல்காரர்கள் அளந்தே பார்த்திருக்கிறார்கள். டேவிட் ரூபின், டோர்தே பெர்ன்ட்சென் என்ற இரண்டு பேர் 2006-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். டென்மார்க்கில் 20 வயதிலிருந்து 97 வயது வரை உள்ளவர்களிடம் "உங்களுக்கு எத்தனை வயது ஆனதாக உணர்கிறீர்கள்?" என்று கேட்டிருக்கிறார்கள். 40 தாண்டியவர்கள் சராசரியாகத் தங்கள் வயதைவிட 20 சதவீதம் குறைவாகச் சொன்னார்கள். 60 வயதுக்காரர் 48 என்பார், 75 வயதுக்காரர் 60 என்பார். 25-க்குக் கீழே இருப்பவர்கள் நேர் எதிர், தங்களைக் கூட்டித்தான் சொன்னார்கள்.

இதில் எனக்குப் பிடித்தது அந்த 20 சதவீதம்தான். வித்தியாசம் இத்தனை வருஷம் என்று ஓர் இடத்தில் நிற்பதில்லை. வயது ஏற ஏற இடைவெளியும் அகலமாகிறது. உள்ளே இருக்கிறவரும் நடக்கத்தான் செய்கிறார். ஆனால் நம்மைவிட மெதுவாக நடக்கிறார்.

ஏன் இப்படி என்பதற்குப் பல காரணம் சொல்கிறார்கள். வயதானவர்களிடம் பழைய நினைவு எது வருகிறது என்று கேட்டால் 10-லிருந்து 30 வயது வரை நடந்தவைதான் அதிகம் வந்து விழும். முதல் சம்பளம், முதல் ஊர் மாற்றம், கல்யாணம், முதல் பிள்ளை எல்லாமே அந்தக் காலத்தில்தான். "நான் யார்" என்ற கேள்விக்கு மனசு அந்தப் பெட்டியைத் திறந்து பதில் எடுக்கிறது. அதனால் பதிலும் இளமையாகவே வருகிறது.

இன்னொன்றும் உண்டு. மூளையில் எல்லாம் ஒரே வேகத்தில் மங்குவதில்லை. சட்டென்று கணக்குப் போடுவது, ஒரே நேரத்தில் இரண்டு வேலை பார்ப்பது எல்லாம் சீக்கிரமே குறையும். ஆனால் சொல்வளம் 60 தாண்டியும் வளரும். உள்ளே பேசுகிற குரல் சொற்களால் ஆனதுதானே. அது தளராமல் இருப்பதில் ஆச்சரியம் என்ன?

முதுநகர் பெரியவர் (கடலூர் ஓ.டி.)

எனக்கு 71. கொஞ்சம் மாறுபடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

உள்ளே இளமையாகத் தோன்றுவது எல்லோருக்கும் உண்டு. எனக்கும் உண்டு. ஆனால் அதற்குத் தீனி போட்டு வளர்க்க வேண்டுமா என்பதுதான் என் கேள்வி. நம் ஆட்கள் 60-ல் திருக்கடையூர் போய் மணிவிழா செய்துகொள்வது வெறும் மாலை மாற்றிக்கொள்வதற்கு இல்லை. பொறுப்பைப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டு ஓர் அடி பின்னால் நிற்கிறோம் என்று ஊர் அறியச் சொல்வது அது. இன்றைக்கு 65 வயதில் தலைக்குச் சாயம், கோவில் அறங்காவலர் குழுவில் தலைமை, சங்கத்தில் செயலாளர், வீட்டில் பீரோ சாவி எல்லாம் தன் கையிலேயே வேண்டும் என்கிறவர்களைப் பார்க்கிறேன். கேட்டால் "எனக்கென்ன வயசாயிடுச்சு" என்கிறார்கள். 45 வயது மகன் இன்னமும் அப்பாவிடம் கேட்டுத்தான் செக்கில் கையெழுத்துப் போடுகிறான். இவர் இளமையாக இருப்பதால் அவன் வளரவே முடியவில்லை.

வயதை ஒப்புக்கொள்வதில் ஒரு மரியாதை இருக்கிறது. அதை விட்டுவிடக் கூடாது.

கெடிலக்கரை

முதுநகர் அண்ணே, கோபம் எதற்கு? நீங்கள் சொன்ன அந்த அப்பாக்களை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் அவர்கள் பிடித்துக்கொண்டிருப்பது அதிகாரம். இளமை என்று நான் சொல்வது வேறு. பீரோ சாவியை மருமகளிடம் கொடுத்தாகிவிட்டது. அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. எனக்குள் இருக்கிறவன் சாவி கேட்கவில்லை. "நெய்வேலி புத்தகக் கண்காட்சிக்குப் போகலாமா, பிச்சாவரத்தில் துடுப்புப் போட்டுப் பார்க்கலாமா, தெலுங்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொள்ளலாமா" என்று கேட்கிறான். இதனால் யாருடைய இடமும் பறிபோகாது. அவனையும் அடக்கித்தான் வைக்க வேண்டுமா?

முதுநகர் பெரியவர்

அப்படியானால் சரி. அவனை அடக்கச் சொல்லி நான் சொல்லவில்லை.

சிங்காரத்தோப்பு (கடலூர்)

எல்லாம் படித்தேன். என் வயது 41. என் பெரியப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது, ஏனென்றால் இங்கே பேசுகிறவர்கள் பெரும்பாலும் பென்ஷன்காரர்களாக இருக்கிறீர்கள். எங்கள் பக்கம் கதை வேறு.

பெரியப்பாவுக்கு 66. கட்டுமரத்தில் ஆரம்பித்து ஃபைபர் போட்டுக்கு வந்தவர். சுனாமியில் வலை, மரம் எல்லாம் போய், 50 நெருங்குகிற வயதில் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். இன்றைக்கும் அவரைக் கேட்டால் "நான் போனா மீன் வரும்" என்பார். பொய்யில்லை. காற்று, நீரோட்டம், தண்ணியின் நிறம் பார்த்து இடம் சொல்வதில் எங்களில் ஒருத்தரும் அவர் கிட்டே நிற்க முடியாது. ஆனால் விடியற்காலையில் ஈர வலையை இழுக்கத் தோள் கேட்கவில்லை. எங்களுக்கு உடம்புதான் சம்பளம். தோள் போனால் பங்கு போயிற்று. அலுவலகத்தில் வயதானால் நாற்காலி பெரிதாகும், கடலில் வயதானால் கரைக்கு வந்துவிட வேண்டியதுதான்.

கரைக்கு வந்த பிறகு மனுஷன் ஒடிந்துபோய்விட்டார். யாரிடமும் பேசமாட்டார். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை விசைப்படகுக்குத் தடைக்காலம், 61 நாள். அப்போது கரையில் வலை வேலை நிறைய இருக்கும். ஒரு விசைப்படகுக்காரர் அவரைக் கூப்பிட்டு வலை பொத்தக் கொடுத்தார். கண் மங்கல்தான். வலையை மடியில் போட்டு விரலை ஓட்டிக்கொண்டே போவார். கண்ணி அறுந்த இடத்தில் விரல் நிற்கும். நிமிர்ந்து எங்களோடு பேசிக்கொண்டே வலை ஊசியைக் கொடுத்து வாங்கி முடிச்சை இழுத்துவிடுவார். கண்ணியின் அளவு பிசகாது. பக்கத்தில் நாலு பையன்கள் உட்கார்ந்து கற்றுக்கொள்கிறார்கள். இப்போது படகு கிளம்புகிறதற்கு முன்னால் "எங்கே போடலாம்" என்று அவரிடம் கேட்டுவிட்டுத்தான் போகிறோம். ஆள் பழையபடி சத்தம் போட ஆரம்பித்துவிட்டார்.

உள்ளே இருக்கிறவனுக்கு வேலை கொடுத்தால்தான் அவன் இருப்பான். சும்மா "மனசு இளமையா இருக்கணும்" என்று சொன்னால் போதாது.

வில்லியனூர் வாத்தியார்

தம்பி, மறுபடி மறுபடி படிக்கிறேன் உங்கள் பதிவை. நன்றி.

லாஸ்பேட்டை அக்கா

கடை மூடியாகிவிட்டது, வந்துவிட்டேன்.

பெண்களுக்கு இது இன்னொரு விதமாக வருகிறது. ஆணுக்கு நரைத்தால் "பெரிய மனுஷன்" என்று பெயர். பெண்ணுக்கு நரைத்தால், அன்றிலிருந்து எதைக் கேட்டாலும் "இந்த வயசுல எதுக்குக்கா?" என்று பதில் வரும். பிரகாசமான நிறத்தில் புடவை எடுத்தால் எதுக்கு? பாண்டி மெரினாவில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் தின்றால் எதுக்கு? அதுவும் கேட்கிறவர்கள் பெரும்பாலும் நம் சொந்தக்காரர்களே.

சின்ன வயதில் எனக்கு சைக்கிள் விடத் தெரியாது. அண்ணன் தம்பிக்கு இருந்தது, எனக்கு வாங்கித் தரவில்லை. அந்த ஆசை போகவே இல்லை. மகள் கல்யாணமாகிப் போன பிறகு, ஹெலிபேட் மைதானத்தில் விடியற்காலையில் கற்றுக்கொண்டேன். அந்த நேரத்தில் நடைப்பயிற்சிக்காரர்கள் மட்டும்தான் இருப்பார்கள். சுடிதார் போட்டுக்கொண்டு போனேன். முதலில் பெடலையே கழற்றிவிட்டு, சீட்டை இறக்கி, இரண்டு காலாலும் தரையைத் தள்ளித் தள்ளிப் போகச் சொன்னார் சைக்கிள் கடைத் தம்பி. பேலன்ஸ் வந்த பிறகு பெடலை மாட்டினார். பெரியவர்களுக்கு இதுதான் நல்ல முறை, யாரும் பின்னால் பிடித்துக்கொண்டு ஓட வேண்டாம். மைதானத்தில் முதல் வளைவைத் திரும்பியபோது காற்று முகத்தில் அடித்தது பாருங்கள், அந்த நேரத்தில் எனக்கு 12 வயது.

ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். மாதவிடாய் நின்ற பிறகு வருகிற முதல் சில வருஷங்களில் எலும்பு வேகமாகத் தேயும். ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் குறைவதுதான் காரணம். இது வலிக்காது, வெளியே தெரியாது, விழுந்து மணிக்கட்டு முறிந்தால்தான் தெரியும். அதனால் நான் சைக்கிளில் ஏறும் முன் டாக்டரிடம் எலும்பு அடர்த்திப் பரிசோதனை கேட்டுச் செய்துகொண்டேன். ஆசை என்னுடையது, எலும்பும் என்னுடையதுதானே. இரண்டையும் பார்க்க வேண்டும்.

நெல்லிக்குப்பம் பையன்

நான் இங்கே வாசகன் மட்டும்தான், முதல் முறை எழுதுகிறேன். வயது 34. எனக்கு உதவி வேண்டும்.

அப்பாவுக்கு 64. நீங்கள் சொல்வது அத்தனையும் அவர்தான். தானே புயல் வந்த 2011-ல், டிசம்பர் கடைசியில், எங்கள் வீட்டு ஓடு முழுக்கப் பறந்துவிட்டது. ஆள் கிடைக்காத நேரம். அப்பாவே கூரையில் ஏறி நின்று சட்டம் அடித்து ஓடு வேய்ந்தார். தெருவில் இன்னும் நாலு வீட்டுக்கும் ஏறினார். அந்தப் பெருமை அவருக்கு இன்னும் இருக்கிறது, எனக்கும் இருக்கிறது. சிக்கல் என்னவென்றால் இன்றைக்கும் மாடித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவ மூங்கில் ஏணியில் தனியாக ஏறுகிறார். நாங்கள் இல்லாத நேரம் பார்த்து ஏறுகிறார். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர். போன வாரம் எழுந்தபோது தலை சுற்றி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டார். அம்மா பார்த்திருக்கிறார். "உங்களுக்கு வயசாயிடுச்சுப்பா" என்று அக்கா சொன்னாள். அதிலிருந்து அவளிடம் பேசுவதைக் குறைத்துவிட்டார்.

அவர் மனசு நோகாமல் எப்படிச் சொல்வது?

கோரிமேடு பிசியோ (புதுச்சேரி)

தம்பி, முதலில் தலைசுற்றலைப் பார்ப்போம், அதுதான் அவசரம். எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் சட்டென்று இறங்குவது பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களிடமும் புராஸ்டேட்டுக்கு மாத்திரை எடுக்கிறவர்களிடமும் அடிக்கடி பார்ப்பதுதான். படுத்திருக்கும்போது ஒரு முறை, எழுந்து நின்று ஒரு நிமிஷம், மூன்று நிமிஷம் கழித்து என்று பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம், டாக்டர் மாற்றித் தருவார். அதுவரை படுக்கையிலிருந்து எழுந்ததும் ஓரத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, கால் பாதத்தை மேலும் கீழுமாக அசைத்துவிட்டு நிற்கட்டும். ராத்திரி சிறுநீர் கழிக்கப் போகும்போது இது முக்கியம்.

தண்ணீரும் கேளுங்கள். வயதாக ஆக தாகம் எடுப்பது குறையும். கடலூர் மே மாத வெயிலில் வியர்த்துக் கொட்டினாலும் சிலருக்குத் தாகமே தெரியாது. தண்ணீர் குறைந்தாலும் தலை சுற்றும். இதய நோய், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சரி, இப்போது எல்லோருக்கும். இந்த இழையில் யாரும் தொடாத விஷயம் ஒன்று. 30 வயது தாண்டினால் பத்து வருஷத்துக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை கரைகிறது, 60-க்கு மேல் இன்னும் வேகமாக. அதில் வேகமான நார்கள்தான் முதலில் போகும். இடறினால் சட்டென்று காலை எடுத்து முன்னால் வைத்து நம்மைத் தாங்குவது அந்த நார்கள்தான். கெடிலக்கரை ஐயா ரோட்டைக் கடக்கும்போது சொன்ன "புதுக் கணக்கு" இதுதான். நடைப்பயிற்சி நல்லது, விடாதீர்கள். ஆனால் நடை மட்டும் இந்தத் தசையைக் காப்பாற்றாது.

நல்ல செய்தியும் இருக்கிறது. 1990-ல் அமெரிக்காவில் மரியா ஃபியாடரோன் என்ற மருத்துவரின் குழு, ஒரு முதியோர் இல்லத்தில் இருந்த 86 முதல் 96 வயதுக்காரர்கள் 10 பேருக்கு எடை தூக்கும் பயிற்சி கொடுத்தது. எட்டே வாரம். முடித்தவர்களுக்குத் தொடைத் தசையின் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. தொண்ணூறு வயதிலும் தசை சொன்ன பேச்சைக் கேட்கிறது. நாம்தான் சொல்வதில்லை.

வீட்டில் எப்படி? கைப்பிடி இல்லாத, நகராத நாற்காலியைச் சுவரை ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு எழுந்து உட்காருங்கள். எழுவதைவிட உட்காருவதுதான் முக்கியம். தொப்பென்று விழாமல் மூன்று எண்ணி முடிக்கும் வரை மெதுவாக இறங்குங்கள், தொடை வேலை செய்வது அப்போதுதான் தெரியும். பத்து முறை சுலபமாக வந்துவிட்டால் கையில் ஒரு கிலோ பருப்புப் பொட்டலத்தை வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் சமையல் மேடையைப் பிடித்தபடி குதிகாலைத் தூக்கி இறக்குவது. அப்புறம் ஒற்றைக்காலில் நிற்பது, அதுவும் மேடைக்குப் பக்கத்தில். பிரேசிலில் 51 முதல் 75 வயது வரை 1,702 பேரை வைத்துச் செய்து 2022-ல் வெளியான ஆய்வில், ஐந்தில் ஒருவரால் பத்து விநாடி ஒற்றைக்காலில் நிற்க முடியவில்லை. அடுத்த ஏழு வருஷங்களில் இறந்தவர்களின் விகிதம் அவர்களிடம் அதிகமாக இருந்தது. ஒற்றைக்காலில் நிற்காததால்தான் இறந்தார்கள் என்று அர்த்தமில்லை. உள்ளே பல விஷயம் சரியாக இருக்கிறதா என்பதை அந்தப் பத்து விநாடி காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான். இப்போதே எழுந்து நின்று பாருங்கள், மேடையை விட்டுத் தள்ளிப் போகாமல்.

நெஞ்சு வலி, மூச்சு முட்டல் இருப்பவர்கள் டாக்டரைப் பார்க்காமல் எதையும் ஆரம்பிக்க வேண்டாம்.

முதுநகர் பெரியவர்

வலது காலில் நிற்க முடிகிறது. இடது காலில் நாலு விநாடிதான். என்ன செய்யலாம் அம்மா?

கோரிமேடு பிசியோ

இடது காலுக்குத் தினமும் கூடுதலாக இரண்டு முறை கொடுங்கள் ஐயா, ஒரு விரலால் மேடையைத் தொட்டுக்கொண்டு. பாதத்தில் மரத்துப்போன மாதிரி இருக்கிறதா? சர்க்கரை இருந்தால் பாத நரம்பையும் ஒரு முறை சோதித்துவிடுங்கள்.

வில்லியனூர் வாத்தியார்

நெல்லிக்குப்பம் தம்பிக்கு ஒன்று சொல்கிறேன். "வயசாயிடுச்சு" என்ற வார்த்தை வெறும் வார்த்தை இல்லை. யேல் பல்கலைக்கழகத்தின் பெக்கா லெவி 2002-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஒஹாயோ மாநிலத்தில் 50 வயது தாண்டிய 660 பேர் முதுமையைப் பற்றிச் சொல்லிவைத்ததை, அவர்கள் எவ்வளவு காலம் வாழ்ந்தார்கள் என்பதோடு வைத்துப் பார்த்தார்கள். தன் முதுமையை நல்லபடியாக நினைத்தவர்கள் மற்றவர்களைவிட சுமார் ஏழரை ஆண்டு கூடுதலாக வாழ்ந்தார்கள். உடல்நிலை, வருமானம் எல்லாவற்றையும் கழித்துப் பார்த்த பிறகும் அந்த வித்தியாசம் நின்றது. அதனால் அப்பாவின் நினைப்பை உடைக்காதீர்கள். ஏணியை மட்டும் மாற்றுங்கள்.

லாஸ்பேட்டை அக்கா

தம்பி, நான் சொல்கிறபடி செய். தடை போடாதே. கூரை வேய்கிற வேலையில் உன் அப்பா உனக்கு வாத்தியார். அவரிடம் போய் "தொட்டி கழுவுவது எப்படி என்று எனக்குக் காட்டுங்கப்பா" என்று கேள். அவர் கீழே நின்று ஏணியைப் பிடிக்கட்டும், நீ ஏறு. அவர் சத்தம் போட்டுத் திருத்துவார், திருத்தட்டும். சிங்காரத்தோப்புத் தம்பியின் பெரியப்பா என்ன செய்கிறார்? அதேதான். அக்காவையும் அப்பாவிடம் பேச வை, அவள் சொன்னது பாசத்தில் சொன்னது.

கெடிலக்கரை

அக்கா சொன்னதை அப்படியே எடுத்துக்கொள் தம்பி. இன்னொன்று, அப்பா ராத்திரியில் வண்டி ஓட்டுகிறாரா? அதையும் பார். 60 வயதில் கண்ணின் உட்திரைக்குப் போகிற வெளிச்சம் 20 வயதில் போவதில் மூன்றில் ஒரு பங்குதான். பாவை சுருங்கிவிடுகிறது, லென்ஸ் மஞ்சளாகிவிடுகிறது. கடலூர் – பாண்டி ரோட்டில் எதிர் வண்டியின் விளக்கு கண்ணை அடித்தால் மீள்வதற்கும் நேரம் பிடிக்கிறது. நான் இருட்டிய பிறகு பஸ்தான். எனக்கு இதில் ஒரு குறையும் தெரியவில்லை, ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து பாண்டிக்குப் போவது அந்த 25 வயதுக்காரனுக்கு ரொம்பப் பிடித்த விஷயம்.

பிசியோ அம்மாவுக்குப் பெரிய நன்றி. நாற்காலிப் பயிற்சியைத் தொடங்கிவிட்டேன். மனைவியும் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டாள்.

செம்மண்டலம் (கடலூர்)

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நாங்கள் சில பேர், எல்லோரும் 55 தாண்டியவர்கள், ஞாயிறு காலையில் சில்வர் பீச் மணலில் வாலிபால் ஆடுகிறோம். பழைய ஆட்டக்காரர்கள் பாதி, புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்கள் பாதி. பந்து வரும்போது உள்ளே இருக்கிற பையன்தான் முதலில் குதிக்கிறான், உடம்பு அப்புறம் வருகிறது. நேரமிருக்கிறவர்கள் வரலாம். நெல்லிக்குப்பம் தம்பி, அப்பாவை அழைத்து வாருங்கள், ஓடு வேய்ந்த தோள் எங்களுக்கு வேண்டும்.

நெல்லிக்குப்பம் பையன்

எல்லோருக்கும் நன்றி. பிரஷரை நின்றபடி பார்த்தார்கள், நன்றாக இறங்குகிறது. டாக்டர் ஒரு மாத்திரையை இரவுக்கு மாற்றியிருக்கிறார். தொட்டியை நான் கழுவினேன், அப்பா கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு, பிரஷ்ஷை எந்தப் பக்கம் தேய்க்க வேண்டும் என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா வந்திருந்தாள். அவளுக்கு டீ போட்டுக் கொடுத்தது அப்பாதான்.

இந்த இழையை அவருக்குப் படித்துக் காட்டினேன். சொல்லச் சொல்லி எழுதுகிறேன், இனி அவர் பேச்சு:

"எல்லாருக்கும் வணக்கம். ஏணி விஷயத்துல பையன் சொன்னது சரி, ஒத்துக்கிட்டேன். ஆனா எனக்கு வயசாயிடுச்சுன்னு நான் ஒத்துக்கிட்டதா யாரும் எழுதிடாதீங்க. மில்லுல இருந்தப்போ வாலிபால் ஆடியிருக்கேன், அடிக்கிற இடத்துல நின்னவன். ஞாயித்துக்கிழமை வர்றேன். வலை எவ்வளவு உயரத்துல கட்டுறீங்க?"

செம்மண்டலம்

வாங்கண்ணே. ஆண்களுக்கான விதிப்படி 2.43 மீட்டர். நாங்கள் 2.24-ல் கட்டுகிறோம், அது பெண்கள் ஆட்டத்துக்கான உயரம். அந்த உயரத்தில் எங்களில் எல்லோராலும் அடிக்க முடிகிறது.

லாஸ்பேட்டை அக்கா

2.24 என்றால் எங்கள் உயரம்தானே. அப்படியானால் நானும் வருகிறேன். காலையில் லாஸ்பேட்டையிலிருந்து பஸ் பிடித்தால் எத்தனை மணிக்கு வந்து சேரலாம்?

கோரிமேடு பிசியோ

மணலில் குதிப்பது முழங்காலுக்கு நல்லது, ஆனால் கணுக்கால் புரளும். முதல் கொஞ்ச நேரம் ஈர மணலில் வெறுங்காலோடு நடந்து, குதிகால் தூக்கி இறக்கிவிட்டு ஆரம்பியுங்கள். வெயில் ஏறும் முன் முடித்துவிடுங்கள். அக்கா, நானும் பாண்டியிலிருந்து வருகிறேன், ஸ்கூட்டியில் இடம் இருக்கிறது.

செம்மண்டலம்

5.45-க்கு ஆரம்பம். பீச் நுழைவாயிலுக்குத் தெற்கே, படகுகள் நிற்கிற பக்கம் வந்தால் வலை தெரியும். தண்ணீர் பாட்டில் மட்டும் எடுத்து வாருங்கள், பந்து இரண்டு இருக்கிறது.